ரிப்போர்ட்டின் கடைசி வரி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முப்பது வருட வேலையில் காய்ச்சலுக்குக்கூட லீவு போட்டவரில்லை. எங்காவது லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டதாகப் போன் வந்தால், சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவார். ஒருநாள் முகம் மழிக்கும்போது அவர் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. மனைவி நச்சரித்ததால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை சும்மா இருக்க முடியுமா? மகளின் பழைய பள்ளிக்கூட ஆங்கில-தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்தார். புற்று என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. மனைவியிடம் மூச்சு விடவில்லை. கடைசி வரியில் ‘இண்டலென்ட்’ என்றொரு சொல். அகராதி அதற்கு ‘சோம்பேறி’ என்றது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயந்துகொண்டிருப்பதைவிடக் கோபப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் டைப் செய்யும் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“மாடா உழைச்சவன்மா நான். என்னைச் சோம்பேறின்னு எழுதியிருக்காங்க.”

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கிக் கடைசிவரை படித்தாள். மற்றதெல்லாம் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் இந்தச் சொல்லைத் தினமும் டைப் அடிக்கிறேன், இதற்கு அர்த்தம் தெரியும் என்றாள். மனிதரைச் சொன்னால் சோம்பேறி. அதன் பழைய பொருளோ ‘வலி இல்லாதது’. நோயைப் பற்றி எழுதினால், மெதுவாக வளர்வது, அவசரப்படாதது என்று அர்த்தம்.

“சோம்பேறி நீங்க இல்லைங்க. அந்தக் கட்டிதான்.”

மெக்கானிக் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்குப் போய் நோயையும் அர்த்தத்தையும் ஒரே மூச்சில் மனைவியிடம் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க மறைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை இருவருமாகப் போனபோது, இப்போதைக்கு மருந்தே வேண்டாம், மூன்று மாதத்துக்கொரு முறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர்.

எட்டு வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஒருமுறை கட்டி வளரப் பார்த்தது, மருந்தில் அடங்கியது. பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் டைப் அடிக்கும் அம்மாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். போன மாதம் நன்றி சொல்ல ஆரம்பித்தவரை அவள் தடுத்தாள்.

“ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன், அவ்வளவுதானே?”

“அன்னைக்கு அதைச் சொல்ல வேற யாரும்மா இருந்தாங்க?” என்றார் அவர்.