ஓட்டையில்லாத புதுக்காசு

ஏரி உடைந்து தெருவில் மீன் துள்ளிய வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான் நயா பைசா வந்தது. இன்று வெல்டிங் கடையைத் தாண்டும்போது அடித்த சூட்டிரும்பு வாசனையில், நெடுஞ்சாலை விழுங்கிவிட்ட குருபரப்பள்ளிச் சந்தை, புளியமர நிழலும் மாட்டுமணிச் சத்தமும் மிளகாய் நெடியுமாகத் திரும்ப வந்து என்னை உட்காரவிடவில்லை.

காய்ச்சலில் கொதித்த என் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா அங்கே கடை கடையாக அலைந்தாள். அரைஞாணில் ஓட்டைக் காலணா கட்டினால்தான் பிள்ளை தங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எல்லோரும் காலணாவைக் கொடுத்துப் புதுக்காசு வாங்கியிருந்தார்கள். புதுக்காசில் ஓட்டையே இல்லை.

சந்தையோரக் கொல்லர் கூப்பிட்டார். "புதுசு ஒண்ணு குடுக்கா, நான் ஓட்டை போட்டுத் தரேன்."

"ஐயோ, சர்க்கார் காசுண்ணா! போலீசு புடிச்சுக்கினு போயிடுவான்."

"அப்ப சர்க்காரே ஓட்டை போட்டுச்சு. இப்ப மறந்துட்டாங்க. குடுக்கா."

அம்மா சாலைப் பக்கம் பார்த்துப் பார்த்து நின்றாள். பிள்ளை முனகியதும் காசை நீட்டிவிட்டாள்.

தங்கை பிழைத்தாள். காசுதான் தன்னைக் காப்பாற்றியது என்று இன்னமும் சொல்கிறாள். ஓசூர்ப் பக்கம் போனால் அவளிடம் சொல்லுங்கள்: அம்மா அன்று ஜெயிலுக்கும் துணிந்துதான் கையை நீட்டினாள்.