மூன்று நாள் அடித்த மணி

நான் ஒரு மென்பொருளின் கையேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது. நன்றி சொல்வாரும் கிடையாது. ஏதாவது குழம்பினால் மட்டும் என் ஞாபகம் எல்லோருக்கும் வரும்.

மென்பொருளின் வேலை சின்னது. கடலுக்குப் போகும் படகையும் அதில் ஏறியவர்களையும் பதிய வேண்டும். திரும்பி வந்ததும் வந்ததாகக் குறிக்க வேண்டும். அதை யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். நாலைந்து நாடுகளிலிருந்து ஆட்கள் திருத்துகிறார்கள். அவர்களில் பாதிப்பேரைப் படகில் ஏற்றினால் வாந்தி எடுப்பார்கள் என்பது என் கணிப்பு. கையேடு ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று மொழியில் இருக்கிறது. யாராவது ஒரு வரியை மாற்றினால் எங்கோ ஒரு கணினி தானாக விழித்து, மூன்று மொழிப் பக்கங்களையும் புதிதாகக் கட்டி இணையத்தில் போடும். இதை நாங்கள் பில்ட் என்போம். சரியாக முடிந்தால் பச்சைக் குறி. முடியாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் அது என் தலையில். மற்ற நேரத்தில் திருகோணமலை டவுனில் கணினி வகுப்பு எடுக்கிறேன். அதனால் எல்லோருக்கும் நான் மிஸ்.

நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் இந்த மென்பொருளைப் பாவிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் தலைவர் எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், பின்னேரம் கூட்டம். எங்கட கிளாக் பிள்ளையை வேலையால நிப்பாட்டப் போறம். நீங்கள் வந்து அவ செய்தது பிழை எண்டு ஒருக்காச் சொன்னாக் காணும்."

"என்ன செய்தவ?"

"மூண்டு நாளா ஊரைச் சாகடிச்சுப் போட்டா."

நடந்தது இதுதான். மென்பொருளின் திரையில் படம் போட்ட பொத்தான்கள் வரிசையாக இருக்கும். முன்பு இரண்டாவது பொத்தான் நங்கூரம். படகு வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று நாளைக்கு முன் வந்த புதிய பதிப்பில் யாரோ ஒரு புண்ணியவான் நங்கூரத்தை மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டாவதில் மணியை வைத்துவிட்டான். மணியை அழுத்தினால் படகில் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் செய்தி போகும்: உங்கள் உறவினர் சென்ற படகு கரை திரும்பவில்லை.

சங்கத்தில் பதிவு எழுதுகிற கிளாக் பிள்ளை மூன்று நாளும் வந்த படகுக்கெல்லாம் இரண்டாவது பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

உப்புவெளியில் ஒருத்தி புருசனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்ததாம். போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்ப இதில இருந்து தின்னுறது ஆர்?" என்று கேட்டாளாம். இன்னொரு வீட்டில் தாய் குழறி அழத் தொடங்கி, அயலெல்லாம் கூடி, கதிரைகளும் இரவல் வாங்கிப் போட்ட பிறகு மகன் கிணற்றடியிலிருந்து துவாயுடன் வந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டிருக்கிறான். தன் சொந்த நம்பரையே உறவினர் நம்பராகக் கொடுத்திருந்த ஒருவர், தான் திரும்பவில்லை என்ற செய்தியைப் பார்த்ததும் தன் படகை யாரோ கொண்டுபோய்விட்டான் என்று கரைக்கு ஓடியிருக்கிறார்.

மூன்றாம் நாள் செய்தி வந்தபோது ஒருவரும் அசையவில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். நாளைக்கு உண்மையாகவே ஒரு படகு வராவிட்டால் என்ன செய்வார்கள்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

பஸ்ஸில் போகும்போது எனக்கு அந்தப் பிள்ளை மேல்தான் கோபம். பொத்தான் மாறியது என்பதை இரண்டு கிழமைக்கு முன்பே நான் தமிழில் எழுதிவிட்டேன். 'கவனம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பும் போட்டேன். அன்றைக்குப் பச்சைக் குறி வந்ததையும் கண்ணால் பார்த்தேன். பிறகும் இப்படிச் செய்தால் என்ன அர்த்தம்?

சங்கக் கட்டடத்தில் நிர்வாகசபை ஆறு பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். கடைசி மேசையில் அவள். முன்னால் கூட்டறிக்கைக் கொப்பி. தன்னை நிப்பாட்டுகிற கூட்டத்தின் அறிக்கையைத் தானே எழுதிக்கொண்டிருந்தாள். மற்றவர்களின் எழுத்து அவர்களுக்கே விளங்காதாம்.

பதிவு செய்யும் கணினிக்கு மேலே சுவரில் என் கையேட்டின் ஒரு பக்கம் தொங்கியது. லாமினேட் செய்து நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. 'வந்த படகுக்கு இரண்டாவது பொத்தான்.'

நான் அவள் மேல் ஏறி விழுந்தேன். "இதை ஆர் லாமினேட் பண்ணச் சொன்னது? கையேடு மாறிக்கொண்டே இருக்கும். அதுக்குத்தான் இணையத்தில வைச்சிருக்கிறம். நீங்கள் ஆணி அடிச்சா அது எப்பிடி மாறும்?"

"வாறவை எல்லாம் ஈரக் கையோடதான் வருவினம், மிஸ். தொட்டுத் தொட்டுக் காட்டுவினம். தாள் ஊறிப் போகும்" என்றாள்.

"மணிப் படத்தைப் பார்த்தாவது யோசிக்க வேண்டாமா?"

"ஆக்கள் வந்து சேர்ந்திட்டினம் எண்டு சந்தோசத்துக்கு மணி போட்டிருக்கினம் எண்டு நினைச்சன்."

தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "கொம்பியூட்டர் பிழை விடாது. ஆள்தான் விடும். சரி, எழுதும் பிள்ளை."

அவள் பேனையை எடுக்கவில்லை. "குழப்பம் வந்தவுடன முந்தநாளும் இணையத்தில பார்த்தனான், மிஸ். அங்கயும் இதுதான் கிடக்கு."

"இருக்க ஏலாது" என்று போனை எடுத்தேன். பக்கம் திறந்தது. வந்த படகுக்கு இரண்டாவது பொத்தான். அடியில் 'கடைசியாகக் கட்டப்பட்டது' என்று ஒரு தேதி. பதினொரு மாதத்துக்கு முந்திய தேதி.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதினொரு மாதத்துக்கு முன் தமிழ்ப் பக்கத்தின் பில்ட் ஒருநாள் குழம்பியது. எழுத்துருவைக் காணவில்லை என்றது. இரண்டு நாள் மல்லுக்கட்டி, விசர் பிடித்து, நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: தமிழ் குழம்பினால் கண்டுகொள்ளாமல் மேலே போ. அதற்கு மேலே 'இது தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினேன். அன்று முதல் தமிழ் ஒவ்வொரு முறையும் குழம்பியிருக்கிறது. மற்ற இரண்டும் சரியாக வந்ததால் பச்சைக் குறி விழுந்திருக்கிறது. நான் குறியைப் பார்த்தேனே தவிரப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

அந்த அறையில் பில்ட் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான். வெளிநாட்டுக்காரன் மாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"பிழை என்னில" என்றேன். "அவ பார்த்தது சரி. நான் போட்டதுதான் பழசு. பதினொரு மாசமா மாறேல்லை."

தலைவர் கேட்டார். "இப்ப திருத்துவீங்களோ?"

மடிக்கணினியைத் திறந்தேன். அந்த வரியை அழித்தேன். சிவப்பு. எழுத்துருவைச் சேர்த்தேன். சிவப்பு. ஆறு பேரும் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். குடிக்கப் பிளேன்ரீ வந்தது.

"இன்னும் சிவப்போ?"

"ஓம்."

"என்ஜின் எண்டா நான் ஒரு தட்டுத் தட்டுவன்" என்றார் ஒருவர்.

"நீர் தட்டின என்ஜின் இன்னும் கடலுக்கடியில கிடக்கு. சும்மா இரும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஏழாவது முறை பச்சை வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள், அவளைத் தவிர. பச்சையை அவள் பார்க்கக்கூட இல்லை. தன் போனில் பக்கத்தைத் திறந்து, 'வந்த படகுக்கு மூன்றாவது பொத்தான்' என்பதைச் சத்தமாக வாசித்தாள். அன்று வந்த ஒரு படகுக்கு நங்கூரத்தை அழுத்தினாள். அந்தப் படகுக்காரரின் மனைவிக்குப் போன் எடுத்து, "அக்கா, இப்ப ஏதும் மெசேஜ் வந்ததோ? வரேல்லையோ? சரி, வையுங்கோ" என்றாள். அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தாள். பதினொரு மாதமாக நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. செய்து முடிக்க அவளுக்கு இரண்டு நிமிடம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கிளாக்கில பிழை இல்லை எண்டு எழுதும். அப்ப பிழை ஆரில?"

"என்னில எண்டு எழுதுங்கோ" என்றேன்.

"அது ஏலாது மிஸ். நீங்கள் நிர்வாகத்தில இல்லை. வெளியாளின்ட பிழையை எங்கட கொப்பியில எழுதினா மேலிடத்தில கேள்வி கேப்பினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

கொஞ்ச நேரம் தங்களுக்குள் கதைத்தார்கள். என்ஜினைத் தட்டுகிறவர் என்னைச் சங்கத்தின் கணினி ஆலோசகராக முன்மொழிந்தார். பக்கத்தில் இருந்தவர் வழிமொழிந்தார். ஆறு கையும் உயர்ந்தன. என்னை எழும்பி நின்று நன்றி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நான் திரும்பக் கதிரையில் இருப்பதற்குள் அடுத்த தீர்மானம் வந்துவிட்டது: மூன்று நாள் நடந்த குழப்பத்துக்குக் கணினி ஆலோசகரே பொறுப்பு. அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. கை உயர்த்தினவர்களில் நானும் ஒருத்தி.

அவள் அவசரப்படாமல், வடிவான எழுத்தில் எழுதினாள். இடையில் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"பக்கம் எத்தினை மாசம் பழசு, மிஸ்?"

"கிட்டத்தட்ட ஒரு வருசம் எண்டு போடுங்கோவன்."

"பதினொண்டு எண்டுதானே சொன்னீங்கள்" என்று சொல்லிவிட்டு, இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினாள். பிறகு கொப்பியைத் திருப்பிக் கையெழுத்துக்கு என் பக்கம் தள்ளினாள்.