கை படாத கராத்தே

எங்கள் ஊர் சமுதாய நலக்கூடத்தில் கராத்தே வகுப்பு ஆரம்பித்தபோது, பெற்றோர்கள் எல்லோரும் சேர்ந்து மாஸ்டருக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டோம். பெண் பிள்ளைகள் மேல் யார் கையும் படக்கூடாது. கூடப் படிக்கும் பையன்கள் கையும் கூடாது, மாஸ்டர் கையும் கூடாது. மாஸ்டர் நல்ல மனுஷன். வாரம் முழுக்கக் கம்பெனி வேலை, சனி ஞாயிறு காலையில் வகுப்பு. சரி என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு பக்கம் பையன்கள் ஜோடி ஜோடியாக முட்டி மோதிக்கொள்வார்கள், மறுபக்கம் பெண்கள் வரிசையாக நின்று காற்றோடு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்குக் கட்டா என்று பெயர். எதிரில் ஆள் இருப்பதாக வைத்துக்கொண்டு, திரும்பி, தடுத்து, குத்தி, உதைத்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். அசைவுகளின் வரிசை கொஞ்சமும் மாறக்கூடாது.

அந்த நிபந்தனை தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அது இல்லையென்றால் பாதிப் பிள்ளைகளை அனுப்பியே இருக்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் முதல் ஆளாக மறுத்திருப்பார்.

வேறு வேலை இல்லாததால் எங்கள் பெண்கள் கட்டாவில் கில்லாடி ஆனார்கள். எந்தப் போட்டிக்குப் போனாலும் கோப்பையோடுதான் திரும்புவார்கள். திருவிழா மேடையில் வெள்ளை உடுப்போடு ஏறினால் விசில் பறக்கும். என் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள், கல்லூரி போன பிறகும் விடவில்லை. அத்தனை வருஷமும் கூடத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மற்ற அம்மாக்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். நான் பாகூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு, அதையும் அந்த நாற்காலிதான் தின்றது. பார்த்துப் பார்த்து எனக்கே எல்லாக் கட்டாவும் மனப்பாடம். அழகாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். எதற்காக இப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. கோலத்தைப் பார்த்து இந்தக் கோடு எதற்கு என்று யாராவது கேட்பார்களா?

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். வந்ததும் கை கழுவப் போனாள், வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால் வலது மணிக்கட்டைத் தண்ணீரில் நீட்டியபடி நிற்கிறாள். அதில் நான்கு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

பஸ்ஸில் கும்பல். கம்பியைப் பிடிக்க இடமில்லாமல் நின்றிருக்கிறாள். எவனோ ஒருவன் கீழே தொங்கிய அவள் கையைப் பிடித்திருக்கிறான். பிடித்தவன் விடவில்லை. இழுத்திருக்கிறாள், வரவில்லை. கத்த வாயெடுத்தால் குரலும் வரவில்லை. அவன் இறங்கும் ஸ்டாப்பிங் வந்தபோதுதான் விட்டிருக்கிறான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்றாள். போலீஸில் யாரென்று சொல்வது?

"கை வரலம்மா," என்றாள். "இஸ்து இஸ்து பாத்தேன், வரவேயில்ல. இவ்ளோ வருசம் ஆடுனனே, எதுக்கும்மா ஆடுனேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. என் வீட்டுக்காரர் கரும்புக் கொல்லையிலிருந்து வந்தார், கேட்டார், உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நாளைலேர்ந்து நானே வண்டில கொண்டுபோயி வுட்டுட்டுக் கூட்டியாறேன். பஸ்ஸு வேணாம்."

மகள் சரி என்று தலையாட்டினாள். என்னைப் பயமுறுத்தியது அந்தத் தலையாட்டல்தான். ஒரு ஐஸ்கிரீம் வேண்டும் என்றால்கூட அரை மணி நேரம் வாதாடுகிறவள் அவள். இனி அப்பா வண்டி இல்லாத நாளில் கல்லூரி வேண்டாம் என்பாள், அப்புறம் கடைக்குப் போகமாட்டாள், அப்புறம் வேலைக்குப் போகமாட்டாள். இவள் மறுபடி தனியாக அந்தப் பஸ்ஸில் ஏறுவாளா என்பதைத் தவிர அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பவில்லை. நான் தைலத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். தார்ப்பாயில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தாள். தைலம் தடவ அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்தாள். நான் விடவில்லை. அவள் இழுக்க இழுக்க என் பிடி இன்னும் இறுகியது. இத்தனைக்கும் நான் மருந்துப் பெட்டி தூக்குகிறவள், பயில்வான் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த முதல் கட்டா ஞாபகம் வந்தது. வெள்ளை பெல்ட் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். அதில் நாலாவது அசைவில், வலது கையைச் சுருட்டி, தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு, சுத்தியல் இறங்குகிற மாதிரி முஷ்டியைக் கீழே இறக்குவார்கள். சுத்தியல் அடி என்று பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு செய்வார்கள்.

"ஏய், அந்த சுத்தியல செய்யி," என்றேன்.

"வுடும்மா."

"நான் புடிச்சினுதான் இருப்பேன். நீ செய்யி."

எழுந்து நின்று வேண்டா வெறுப்பாகக் கையைச் சுற்றினாள். வரவில்லை. என் கையும் சேர்ந்து சுற்றியதுதான் மிச்சம். பார்த்தியா என்பதுபோல் என்னை முறைத்தாள், கண்ணில் தண்ணீர். எனக்கு என்னமோ இடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட ஒரு சத்தம் இதில் குறைந்தது. அந்த இடத்தில் வரிசையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளின் பாதமும் தரையில் சர்ரென்று தேயும்.

"காலுடி! அங்க காலப் பின்னால இஸ்ப்பீங்களே, அது எங்க?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு முன்னால் இருந்த வலது காலைச் சட்டென்று பின்னால் இழுத்தாள், கை வயிற்றோடு சுருண்டது. அவ்வளவுதான். அவள் உடம்பு மொத்தமும் என் ஒரே ஒரு கட்டை விரலோடு மோதியது. என் மற்ற விரல்களுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அவள் மணிக்கட்டு உருவிக்கொண்டு போய், மேலே வட்டம் போட்டு, என் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் முஷ்டியாக வந்து நின்றது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. முதல் பாடத்திலேயே இருந்திருக்கிறது! அவள் பஸ்ஸில் தவித்து நின்றபோது தேடியது, பதினோரு வயதில் அவள் உடம்பில் வைத்தாகிவிட்டது. வருஷக்கணக்காக ஒவ்வொரு வாரமும் அதைச் செய்துகொண்டே இருந்திருக்கிறாள், பிடித்த கை ஒன்று இல்லாத குறைதான்.

அப்புறம் பித்துப் பிடித்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். ஒவ்வொரு அசைவாக நான் பிடிப்பதும் அவள் செய்து பார்ப்பதும். ஒரு கை குத்தும்போது மற்ற கை இடுப்புக்கு வந்து ஒட்டிக்கொள்ளும், அது பார்வைக்கு அழகு என்றுதான் நினைத்திருந்தோம். அந்தக் கையில் என் மணிக்கட்டைக் கொடுத்துப் பார்த்தால், இடுப்புக்கு வரும்போது என்னையும் இழுத்துக்கொண்டு வந்தது, நான் நேராக அவள் அடுத்த முஷ்டியில் போய் முட்டப் பார்த்தேன். பின்பக்கம் முழுசாகத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. பின்னாலிருந்து வேறொரு ஆள் வருவதால் திரும்புகிறார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். என் கையை விடாமல் அவள் அப்படித் திரும்பினாள். அடுத்த நொடி நான் உளுந்தில் மல்லாந்து கிடந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "இன்னாக்கா, பெத்த பொண்ணுகிட்டயே அடி வாங்கினுகீறியா?"

"ஆமாண்டி, உனுக்கும் வேணுமா?" என்றேன். என் மகள் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை.

படுத்தபடியே நான் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு தீவில், எந்தக் காலத்திலோ, யாரோ ஒரு ஆள் கையை இன்னொருத்தன் பிடித்திருக்கிறான். விடுபட்டவன் அதை மறக்காமல் ஓர் அசைவாக்கி முடிந்து வைத்திருக்கிறான். அது எத்தனை கை மாறி, அர்த்தம் தெரிந்தவர், தெரியாதவர், மேடைக்காக ஆடியவர், கோப்பைக்காக ஆடியவர் என்று எல்லோர் உடம்பிலும் ஏறி இறங்கி, எங்கள் உளுந்துத் தார்ப்பாய் வரை கெடாமல் வந்து சேர்ந்திருக்கிறது. வரிசை மாறக்கூடாது என்று மாஸ்டர் உயிரை வாங்கியது இதற்குத்தான். விதைநெல்லை யாரும் தின்றுவிடாமல் காப்பாற்றுவதுபோல், என்னவென்றே தெரியாமல் எங்கள் பிள்ளைகள் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை.

வகுப்பு முடிவதற்குள் இரண்டு பேரும் ஓட்டமாக ஓடினோம். மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பஸ் விஷயத்தைக் கேட்டு அவர் முகம் வாடிவிட்டது. தார்ப்பாய் விஷயத்தைக் கேட்டதும் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து உருவிப் பார்த்தார்.

"எனுக்கே பாதிதான் தெரியும்க்கா," என்றார். "மிச்சத்த யாரும் சொல்லித்தரல. தெரிஞ்சதையும் யார வெச்சிக் காட்டுறது? தொடக்கூடாதுன்னீங்க. ஆள் புடிக்காம இத எப்பிடிப் புரியவெக்கிறது?"

"நாங்க தொடலாம் இல்ல?" என்றேன்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அதுவரை உட்கார்ந்தே கிடந்த அம்மாக்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு மகள் மணிக்கட்டைப் பிடித்தோம். நிபந்தனை அப்படியே இருந்தது, மாஸ்டர் தள்ளி நின்று சொல்ல, அம்மாக்கள் பிடிக்க, மகள்கள் உருவிக்கொண்டார்கள். கூடம் முழுக்க ஒரே ஆரவாரம். "எங்கம்மா எப்பிடி விழுந்துச்சி பாரு!" என்று ஒரு வாண்டு குதித்தது.

என் மகள் மட்டும் குதிக்கவில்லை. "மாஸ்டர், பஸ்ல கால இஸ்க்க எங்க எடம் இருக்குது?" என்று கேட்டாள்.

மாஸ்டர் தாடையைத் தடவினார். தோட்டத்தில் வந்தது பஸ்ஸில் வராது என்றால் அவள் கதை அதோடு முடிந்தது.

கடலோரம் பனித்திட்டு ஊரிலிருந்து மகளை அழைத்து வரும் ஒரு அக்கா, மீன் கூடை தூக்கித் தூக்கி இரும்பான கை, அவள்தான் சொன்னாள்: "இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க? பஸ்ஸுதான வேணும்? வாங்கடி எல்லாரும்."

கூடத்தின் மூலையில் அம்மாக்கள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். நடுவில் என் மகள். ஒருத்தி கண்டக்டராகி "உள்ள போ, உள்ள போ" என்று கத்தினாள். இன்னொருத்தி பிரேக் அடித்ததாகச் சொன்னதும் மொத்தப் பேரும் முன்னால் சாய்ந்தோம். அந்த நெரிசலில், எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல், பனித்திட்டு அக்கா என் மகள் கையைப் பிடித்தாள்.

மகள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இது விளையாட்டு என்று அவள் உடம்புக்குத் தெரியவில்லை. இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"கால் சின்னதா போதும்!" என்று மாஸ்டர் வெளியிலிருந்து கத்தினார். "இடுப்பு போவணும். இடுப்ப வுடு!"

அவள் பாதம் ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. இடுப்பு திரும்பியது, மணிக்கட்டு சந்து பார்த்துச் சுழன்றது, கை வெளியே வந்துவிட்டது. மீன்கூடை அக்கா தன் வெறும் கையை நீட்டியபடி நின்றாள். "யம்மாடி," என்றாள். "இன்னாடி இது, விலாங்கு மாதிரி நழுவுது!"

நான் நான் என்று முந்திக்கொண்டு, அம்மாக்கள் ஒவ்வொருத்தியும் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் வந்தது. கடைசியில் அவள் அழுதாள், நானும் அழுதேன், மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். "நான் பஸ்ல போறேன்பா," என்றாள் மகள். அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஸ்டாப்பிங் வரைக்கும் அவளோடு நடந்தேன். பஸ் வந்தது. வழக்கம்போல் கும்பல், படியில் இரண்டு பேர் தொங்கல். அவள் ஏற முன்னால் நகர்ந்தாள், நகர முடியவில்லை. அவள் வலது மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. விட வேண்டும் என்று தெரிந்தது, விரல் கேட்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விடும்மா என்று சொல்லவில்லை. கால் லேசாகப் பின்னால் தேய்ந்தது, அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்டது. எனக்கு வலிக்காமல், மெதுவாக, கட்டை விரல் பக்கமாகக் கையை உருவிக்கொண்டு போய்ப் படியேறிவிட்டாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஏறலையாக்கா?"

"இல்லப்பா," என்றேன். "அவ மட்டுந்தான்."