அக்காவின் காதும் ஆடிய இஞ்சினும்

பட்டறைக்காரர்கள் அக்காவுக்கு வைத்த பெயர் ‘காது’. ஓடும் இஞ்சின்மேல் நீள ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டினால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொந்தப் பட்டறை திறந்தபின் அவளை நம்பி வந்த முதல் ஸ்போர்ட்ஸ் கார் ஒரு பல் டாக்டருடையது. ஆயில் மாற்றத்தான் வந்தது. மாற்றியபின், கியர் போடாமல் ஐடிலிங்கில் விட்டால் இஞ்சின் ஆட ஆரம்பித்தது. கார் நின்ற இடத்திலேயே ஆர்பிஎம் முள் ஏறும், இறங்கும். அணையப்போவதுபோல் போய் மறுபடி உறுமும்.

“எங்கயோ காத்து இழுக்குதுடா” என்றாள்.

இஞ்சின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் அதையேதான் காட்டியது. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் அந்தக் கருவி என் பொறுப்பு. நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட் எதிலும் கசிவில்லை.

“காதுக்கு ஒரு டாக்டரப் பாப்பமா?” என்றார் மாமா, அக்காவின் கணவர்.

“முதல்ல உங்க வாய்க்குப் பாப்போம்.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாலையில் பல் டாக்டர் காரை எடுக்க வருவார். இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அந்த மாதிரிக் கார் எதுவும் இந்த வாசலுக்கு வராது.

“உள்ள ஏதோ சீல் போயிருக்கு. பிரிச்சுத்தான் பாக்கணும். ஆயில வடிச்சிடுவோம்” என்று இஞ்சினை அணைத்தாள் அக்கா.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். ஆயில் இல்லாத இஞ்சினை மறதியில் யாரும் ஸ்டார்ட் செய்துவிடாமலிருக்க, வடிக்கும் முன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை அடையாளமாக ஒரு விரல் உயரம் தூக்கி விடுவோம். அக்கா தூக்கப் போனாள். கம்பி ஏற்கெனவே தூக்கித்தான் நின்றது.

புது ஆயில் ஊற்றி அளவு பார்த்தவள் அவளேதான். கைப்பழக்கத்தில் அதே ஒரு விரல் உயரத்தில் விட்டிருக்கிறாள். அந்த இடைவெளி வழியாகத்தான் இஞ்சினுக்குள் காற்று போயிருக்கிறது.

கம்பியை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தாள். முள் நின்ற இடத்தில் நின்றது. ஸ்கேனரின் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கி அடங்கின. அக்கா பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. “எங்க தப்புதான் சார். கம்பிய நான் சரியா அழுத்தல.”

“இஞ்சினுக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணுமில்ல சார்.”

“போதும்மா. நான் வாய்க்குள்ள பஞ்ச மறந்து வச்சே ஆள அனுப்பியிருக்கேன்.”

அடுத்த சர்வீஸுக்கு எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது கம்பியை யாரும் தூக்குவதில்லை. ஆயில் வடிக்கும் காரின் சாவி அக்காவின் சட்டைப்பைக்குப் போய்விடும். “காது, சாவிய எங்க வச்சே?” என்று மாமா அவ்வப்போது கேட்பார். அக்கா பையைத் தட்டிக் காட்டுவாள்.