லகுனாவில் என் அம்மா அப்பாவான கதை

இந்த ஊர்க் கடையில் முட்டை இருக்கிறதா என்று கேட்டால் கடைக்கார அம்மாள் வாயைத் திறக்கமாட்டார். இரண்டு புருவங்களையும் ஒருமுறை மேலே தூக்கி இறக்குவார், அவ்வளவுதான். வந்த புதிதில் நான் மூன்று கடை ஏறி இறங்கி, முட்டை வாங்காமலே வீடு திரும்பினேன். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து யாராவது அப்படிப் புருவத்தைத் தூக்கினால் தெருவில் பஞ்சாயத்துக் கூடிவிடும். இங்கே அதற்கு ‘இருக்கிறது’ என்று பொருள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கணவருக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே இருக்கும் லகுனா மாகாணத்துக்கு நாங்கள் வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. முட்டை வாங்குவதில் தேறிவிட்டேன். ஆனால் ஓர் ‘ம்’ காணாமல் போனதால் நான் மாட்டிக்கொண்டதை ஊர்க்காரர்களுக்கும், என்னைப்போல் வெளியூரில் குப்பைகொட்டும் மற்றவர்களுக்கும் சொல்லியே ஆகவேண்டும்.

பக்கத்து வீட்டு நேனாதான் என்னை இந்த ஊர் வலைப்பதிவர் குழுவில் சேர்த்துவிட்டார். ஐம்பது வயது, பள்ளி நூலகர். எல்லாரும் அவரை ‘ஆத்தெ’ என்பார்கள். அக்கா என்று அர்த்தம். “எதுக்கு எல்லாரும் ஆத்தே ஆத்தேன்னு அலர்றாங்க?” என்று என் கணவர் முதல் வாரம் முழுக்க ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் இருபது பேர். சமையல், பேருந்துப் பயணம், பூனை, பழைய காதல் என்று எதைப்பற்றியும் எழுதுவார்கள். ஒருவர் எழுதினால் மற்ற பத்தொன்பது பேரும் போய்ப் பின்னூட்டம் போடவேண்டும் என்பதுதான் ஒரே சட்டம். சனிக்கிழமை மூன்று மணிக்கு நேனா வீட்டில் கூட்டம். முதல் கூட்டத்துக்கு நான் சரியாக மூன்று மணிக்குப் போய் நின்றேன். தலையில் துண்டோடு கதவைத் திறந்த நேனா, ஏதோ சாவுச் செய்தி கொண்டுவந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மற்றவர்கள் நாலரைக்கு வந்தார்கள். இங்கே ‘புத்தோ’ என்று ஓர் அரிசி ஆவிப் பலகாரம் உண்டு, இனிப்பாக இருக்கும். நான் காஞ்சிபுரம் இட்லியைப்பற்றி எழுதும்போது ‘எங்கள் ஊர் புத்தோ, மிளகும் சுக்கும் போட்டுச் செய்வோம்’ என்று எழுதினேன். “உனக்கு வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்.

ஒரு வருடம் இந்த ஊர்த் தகலோக் மொழி படித்த தைரியத்தில், அம்மாவைப்பற்றி அந்த மொழியிலேயே எழுதினேன். அம்மா காஞ்சிபுரத்தில் ஓரிக்கை பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். காலையில் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கிண்டிய கை. அந்தக் கை ஓங்கினால் தலைமை ஆசிரியரே ஒதுங்கி நிற்பார். வெள்ளிக்கிழமை என்றால் பட்டுச்சேலையில் காமாட்சியம்மன் கோயில். இதையெல்லாம் உருகி உருகி எழுதி, அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டும் அம்மாவின் முதுகுப்பக்கப் படம் ஒன்றையும் சேர்த்திருந்தேன். முகத்தைப் படமெடுக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. பதிவேற்றுமுன் நேனா திருத்திக் கொடுத்தார். “ஒரேயொரு எழுத்துப்பிழைதான் இருந்தது, அதுவே திரும்பத் திரும்ப வந்திருந்தது” என்று பாராட்டினார்.

பின்னூட்டங்கள் கொட்டின. ‘இப்படி ஒருவருக்குப் பிறக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும்.’ ‘கோயில் நகரத்திலேயே இவ்வளவு பரந்த மனசா!’ சத்துணவுக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கே பெருமையாகிவிட்டது. ‘எங்கள் ஊரில் இது சாதாரணம். தெருவுக்கு நாலு பேர் இப்படித்தான்’ என்று பதில் எழுதினேன். அதோடு விட்டேனா? ‘என் பியெனானும் பட்டுச்சேலை கட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும்’ என்று சேர்த்தேன். பியெனான் என்றால் மாமியார். மாமனாருக்கும் அதே சொல்தான். தகலோக்கில் அவன், அவள் கிடையாது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே சொல், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே சொல். அந்த வசதியை நான் மிகவும் ரசித்துப் பயன்படுத்தியிருந்தேன்.

பத்து நாள் கழித்து, நேனா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய கடைசித் தம்பி பொயெட், பக்கத்து ஊரில் அழகுநிலையம் வைத்திருக்கிறார். பாவாடை, காதணி, நல்ல உயரமான செருப்பு. (தமிழில் அவனா அவளா என்று தீர்மானிக்கச் சொல்கிறார்கள், ‘அவர்’ இருக்கிறது, பிழைத்தேன்.) பொயெட் பாவாடை கட்டிய நாளிலிருந்து அப்பா மாங் தூரிங் அவரோடு பேசுவதில்லை. பதினோரு வருடம். “நேற்று அப்பாவே போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வான்னு கூப்பிட்டார். எல்லாம் உங்க அப்பாவால்” என்றார் நேனா.

“எங்க அப்பா என்ன பண்ணினார்?” என்றேன். எனக்குத் தெரிந்து என் அப்பா அப்போது பிள்ளையார்பாளையத்து வீட்டில் மத்தியானத் தூக்கத்தில் இருந்திருப்பார்.

நேனா என் பதிவைத் திறந்து காட்டினார். அம்மா என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் ஓர் ‘ம்’ எடுக்கப்பட்டு ‘அமா’ என்று இருந்தது. அமா என்றால் தகலோக்கில் அப்பா. சேலை கட்டி, பூ வைத்து, இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்து, ஊர் மதிப்போடு கோயிலுக்குப் போய்வரும் ஓர் அப்பா. தெருவுக்கு நாலு பேர். பியெனான் வேறு.

உண்மையைச் சொல்லாமலே நேனாவை அனுப்பிவைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“இன்னாடி சொல்ற? என்ன ஆம்பளன்னு நெனச்சிக்கினு இருக்காங்களா?”

“ஆமாம்மா. உண்மையச் சொன்னா அந்தப் பெரியவர் மறுபடியும் கோவிச்சிக்குவாரோன்னு பயமா இருக்குது.”

“அந்தப் புள்ள வூட்டுக்கு வந்துட்ச்சா?”

“ஞாயித்துக்கெழம வருது.”

“சாப்பாடு ஆவட்டும். அதுவரைக்கும் நான் ஆம்பளயாவே இருந்துட்டுப் போறேன். அதனால இப்ப எனுக்கு இன்னா கொறஞ்சுபோச்சு?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “உங்கப்பாருகிட்ட மட்டும் சொல்லாத. அவுரு என்னான்னு நெனச்சிக்குவாரு” என்றார்.

பொயெட் வந்தார், சாப்பிட்டார், அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்குள் தந்தையர் தினம் நெருங்கிவிட்டது. குழு ஒருமனதாக ஒரு முடிவெடுத்தது: சிறப்பு விருந்தினராக என் ‘அமா’ காணொளி அழைப்பில் வரவேண்டும். அத்தனை பேர் முன்னால் குட்டு உடைவதைவிட முதலில் மாங் தூரிங்கிடம் சொல்லிவிடுவது என்று போனேன். முற்றத்தில் சண்டைச்சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை அவர் சேவலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“முப்பது வருஷம் கப்பல்ல இருந்தேன்” என்றார். “மெட்ராஸ் துறைமுகத்துல நின்னப்போ ஒருத்தன் கால்ல பெட்டி விழுந்துடுச்சு. ‘அம்மா’ன்னு கத்தினான். யாரைக் கூப்பிடறான்னு அன்னைக்கே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“அப்ப உங்களுக்கு முதல்லயே தெரியுமா?”

“முதல் வரியிலேயே. உங்க ஊர்ப் பொண்ணு எழுதற ‘அமா’ அந்த ‘அம்மா’தானே.”

“பின்ன ஏன் போன் பண்ணினீங்க?”

சேவலின் இறக்கையைத் துடைத்தார். “வீம்பு பிடிச்சு உட்கார்ந்துட்டேன். எப்படி எழுந்திரிக்கிறதுன்னு தெரியலை. இந்த ஊரே உன் கதையைப் படிச்சு அழுதுச்சு. அழுத சாக்குல நானும் போனை எடுத்துட்டேன்.” பிறகு, “அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடு, பொயெட்டும் கேக்கட்டும். பொய் வேண்டாம்” என்றார்.

தந்தையர் தினத்தன்று நேனா வீட்டுச் சுவரில் அம்மா பெரிதாகத் தெரிந்தார். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை. “எவ்வளவு அழகாக இருக்கிறார்!” என்று அறை முழுக்க முணுமுணுப்பு. நான் எழுந்து, காணாமல்போன ‘ம்’ கதையைத் தகலோக்கில் திக்கித் திக்கிச் சொன்னேன். பிறகு வெடித்த சிரிப்பில் நாற்காலி ஒன்று உடைந்தது. நேனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்காமல் இருந்தது பொயெட் மட்டும்தான். அவர் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாங் தூரிங் பான்சித் நூடுல்ஸை ஒரு தட்டில் அள்ளிவைத்து, எலுமிச்சையைப் பிழிந்து, பொயெட்டின் கையில் கொடுத்தார். “ஆறிடும், சாப்பிடு” என்றார். திரையில் அம்மாவுக்குப் பின்னாலிருந்து லுங்கியோடு எட்டிப்பார்த்த என் அப்பா, “யாரு, சாப்ட்டாங்களாமா?” என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பொயெட் கேட்ட பட்டுச்சேலை வாங்க அம்மாவோடு காந்தி ரோட்டுக் கடைக்குப் போனேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். “எம் பொண்ணோட சிநேகிதப் புள்ளைக்கு. நல்ல ஒசரம், நீட்டமா காட்டுப்பா” என்றார் அம்மா. நிறம் பார்க்க மயில்கழுத்துச் சேலையை என் தோளில் போட்டார்கள். கண்ணாடிமுன் நின்றேன். கையிலிருந்த போனில் பொயெட், “இன்னும் கொஞ்சம் தள்ளு, முந்தானை தெரியலை” என்கிறார். பக்கத்தில் அம்மா, “நேரா நில்லுடி, கரை மடங்குது” என்கிறார். இருவருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொன்னேன். போனைப் பார்த்து, “இரு, இரு” என்றேன். அம்மாவைப் பார்த்து, “சந்தாலி லாங்” என்றேன். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், ஆள்தான் மாறிப்போனது. யாரும் திருத்தவில்லை. இருவருமே காத்திருந்தார்கள், கண்ணாடியில் பாதிச் சேலை கட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.