அப்பால

இருபது வருடச் சாக்பீஸ் தூளுக்குப் பிறகு, 1989-இல் நாகலக்ஷ்மி டீச்சருக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: மேற்குத் தாம்பரத்துக்கு மாற்றல். வீடு அங்கே, பள்ளி பெரும்பாக்கத்தில். நடுவில் இரண்டு பஸ். இரண்டிலும் நின்றபடியே யாத்திரை. மனுப் போட்டுப் போட்டு அவர் கையெழுத்தே அழகாகிவிட்டது. இந்த முறை, பார்வையிட வரும் அதிகாரி பத்ரிநாராயணன் திருப்திப்பட்டால் சிபாரிசு செய்வார் என்று பேச்சு.

அவர் பார்க்கவிருந்தது எட்டாம் வகுப்பில் ‘கட்டுரையின் அமைப்பை அறிதல்’ என்னும் அரும்பெரும் பாடம். ஒரு கட்டுரை காரணம் சொல்கிறதா, இடத்தை வருணிக்கிறதா, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை வரிசைப்படுத்துகிறதா என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். ‘பின்னர்’ என்று வந்தால் வரிசை. ஆனால் அந்த வகுப்பில் எவரும் ஆயுளில் ‘பின்னர்’ என்று சொன்னதில்லை. தொண்டை வற்றக் கத்திப் பார்த்துவிட்டு டீச்சர் நாற்காலியில் சாய்ந்தார்.

“நீங்க ‘அப்பால’ன்னு சொல்றீங்கல்ல, அதேதான் பின்னர். அப்பால வந்தா வரிசைன்னு எழுதித் தொலைங்க.”

தமிழன்னை அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்தார். காபி குடித்தார். கரும்பலகையில் தம் கைப்பட எழுதினார்: ‘ஊருக்கு அப்பால் ஏரி. ஏரிக்கு அப்பால் சதுப்பு நிலம். அதற்கும் அப்பால் பள்ளிக்கரணை.’

“இது என்ன அமைப்பு?”

இடத்தை வருணிப்பது என்பது விடை. வகுப்பே கை தூக்கியதைக் கண்டதும் டீச்சருக்குத் தாம் எழுதச் சொன்ன ‘அப்பால’ ஞாபகம் வந்தது. முன்பெஞ்ச் கன்னியம்மா எழுந்தாள்.

“வரிசை சார். மொதல்ல ஊரு. அப்பால ஏரி வந்துச்சு. அப்பால சதுப்பு. பள்ளிக்கரணை கடைசியாத்தான் வந்துச்சு.”

“எப்பம்மா வந்தது?”

“அதுக்கும் அப்பால சார். நீங்கதான எழுதிக்கீறீங்க.”

அதிகாரி திரும்பினார். “யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் சார்,” என்றார் டீச்சர். மேற்குத் தாம்பரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

பத்ரிநாராயணனோ போன மாதம்தான் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பேச்சு வழக்குலேருந்து பாடம். இதைத்தாம்மா அங்க நாள்பூரா சொன்னாங்க, எனக்கு இப்பதான் புரியுது. விடை தப்பு, ஆனா முறை பிரமாதம். உங்களை இங்கேருந்து எடுத்தா இந்தப் பசங்க கதி என்ன? ரிடையர் ஆகறவரைக்கும் இங்கேயே இருக்கணும்னு எழுதறேன்.”

“சார், நான் அவ்வளவு நல்லாவெல்லாம் நடத்தறதில்லை சார். ஏதோ அலுப்புல சொன்னது.”

அதிகாரிக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அறிக்கையில் அப்படியே எழுதி மூடிய பேனாவை மறுபடி திறந்து, ‘தன்னடக்கம் மிக்கவர்’ என்பதையும் சேர்த்தார்.