கப்பல்கார கலியமூர்த்தியின் மண்சட்டி

கலியமூர்த்தி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் வலது கை ஒரு பசுவின் வயிற்றுக்குள் இருந்தது. ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் என்று திருவிடைமருதூர்க்காரர்கள் விட்டால்தானே? கன்று குறுக்கே கிடந்தது. வீட்டுக்காரர் என் போனை எடுத்துக் காதருகே பிடித்தார். "டாக்டர், மச்சான் போயிட்டாருங்க" என்றார் வீரையன், கலியமூர்த்தியின் தங்கை கணவர். "காலையில காபி குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாருங்க." கன்றைத் திருப்பி வெளியே எடுத்தேன். அது தட்டுத் தடுமாறி எழுந்து நின்ற பிறகு வைக்கோல்போருக்குப் பின்னால் போய் அழுதேன்.

நான் வெகு காலம் வேலை பார்த்த குடவாசல் பக்கத்தில் கப்பல்கார கலியமூர்த்தி என்றால்தான் தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போன குடும்பம். பயணிகள் கப்பலில் பாத்திரம் கழுவப் போனவர், பாரில் பானம் கலக்குபவராகத் திரும்பி வந்தார். வந்ததும் காலனித் தெருவில் மெத்தை வீடு கட்டினார். யாருக்கும் புரியாத காரியம் ஒன்றையும் செய்தார். கொல்லையில் வாய்க்கால் ஓரமாக மூங்கில் கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, மூங்கிலாலேயே ஒரு மேடை போட்டார். வெளிநாட்டில் இதற்கு டிக்கி பார் என்று பெயராம். ஓலையும் மூங்கிலும் தேங்காயுமாகத் தீவு போல ஜோடித்து ரம் பரிமாறுவார்களாம்.

அவருடைய அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் நேரில் பார்த்தேன். "இந்தக் கூரையிலேருந்து தப்பிக்கத்தானேடா ஒன்ன கப்பலுக்கு அனுப்புனேன்? மறுபடியும் கீத்து வேயுறியே!" என்று கத்தினார். "அங்க இதுக்குள்ள உக்கார பணக்காரனெல்லாம் வரிசையில நிக்கிறாம்மா" என்றார் இவர். "நிக்கட்டும். ஒழுகுறப்ப தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஐப்பசியில் ஒழுகத்தான் செய்தது.

ஆட்சி மாறும்போதெல்லாம் சாராயக் கடைகளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம் அது. குடித்தவன் வீதியில் விழுவான், அல்லது வீட்டில் அடிப்பான் என்றுதான் ஊருக்குத் தெரியும். கலியமூர்த்தியின் கொட்டகையில் ஒருவருக்கு ஒரு பானம், அதுவும் ஞாயிறு சாயங்காலம் மட்டும். அலமாரிச் சாவி அவர் மனைவி சகுந்தலா இடுப்பில் இருக்கும். "குடிக்கிறதுக்குக் கூப்பிடல டாக்டர். உக்கார்றதுக்குக் கூப்பிடுறேன்" என்பார். பினா கொலாடா என்று அவர் நீட்டுவதை, ரம் ஊற்றிக் கெடுத்த தேங்காய்ப்பால் என்பார் சகுந்தலா. எனக்குப் பிடித்தது மை டாய் என்ற இன்னொரு ரம் பானம். அதற்கு வேண்டிய பாதாம் பாகை அம்மியில் அரைத்துக் காய்ச்சுவார். எலுமிச்சை நம்முடையது. பூம்புகாரிலிருந்து வரும் மீன் வண்டிக்காரர், சாக்கில் சுற்றித் தனியாக ஒரு ஐஸ் பாளம் கொண்டு வருவார். கலியமூர்த்தி அதை உலக்கையால் நொறுக்குவார். எத்தனை கழுவினாலும் முதல் வாயில் லேசாக மீன் வாடை வரும். அதுதான் ஒரிஜினல் கடல் வாசம் என்று கூசாமல் புளுகுவார்.

அந்தக் கொட்டகைக்குச் சந்தானமும் வருவார். ஊரில் பாதி நிலம் அவர் குடும்பத்துடையது. விவசாயப் படிப்பு படித்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் வரும்போது கைப்பையில் சொந்தமாக ஒரு வெள்ளி டம்ளர் கொண்டு வருவார். அந்த வீட்டுக் கண்ணாடியில் அவர் வாய் வைக்கமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டே விட்டேன், உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று. கலியமூர்த்தி அந்த டம்ளரைத் துலக்கிக்கொண்டே, "வரட்டும் டாக்டர். டம்ளரோடயாவது வர்றாரே" என்றார்.

அந்தச் சந்தானத்துக்கும் வீரையனுக்கும்தான் சண்டை மூண்டது. சந்தானத்தின் அப்பா வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு விட்ட வயலில் வீரையன் பல வருஷமாகப் பயிர் வைத்தார். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் சொல்ல, விவசாயச் சங்கத்துக்காரர்கள் சொன்னபடி அவரும் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார். சந்தானத்துக்கு மூக்கறுந்தது போல ஆகிவிட்டது. "எங்கப்பா நம்பிக் குடுத்ததுக்கு இவன் பேப்பர் கேக்குறானா? வயல்ல கால வச்சா நடக்குறதே வேற" என்று வரப்பில் ஆட்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அந்த வயல் நடாமல் போனால் வீரையன் வீட்டில் அந்த வருஷம் சோறு கிடையாது. ஊரில் இருந்த இரண்டு அரசியல் கட்சிக்காரர்களும் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். சங்கம் வயலில் கொடி நடப்போவதாகச் சொன்னது. கலியமூர்த்தியின் தங்கை அண்ணன் வீட்டு வாசலில் வந்து அழுதுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார், ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல். நடுவில் உட்கார என்னையும் அழைத்தார். வீரையனைக் கண்டதும் சந்தானம் முகம் இறுகிவிட்டது. எழுந்து போயிருப்பார். அதற்குள் கலியமூர்த்தி அகலமான ஒரு புது மண்சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ரம், அன்னாசிச் சாறு, எலுமிச்சை, இஞ்சி, மேலே மிதக்கும் ஐஸ். டிக்கி பார்களில் கூட்டமாக வருபவர்களுக்கு இப்படித்தானாம், ஒரே சட்டி, ஆளுக்கொரு நீள ஸ்ட்ரா. "இன்னிக்கு டம்ளர் இல்லீங்க சார்" என்றார்.

சந்தானம் சட்டியைப் பார்த்தார், வீரையனைப் பார்த்தார். நான்கு பேர் வாய் வைக்கும் எச்சில். போகவும் மனமில்லை, பயந்துவிட்டார் என்று பேச்சு வருமே. பிறந்ததிலிருந்து பழகிய ஒரே வழி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கி, செம்பில் தண்ணீர் குடிப்பது போல அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்.

அவ்வளவு அகலமான சட்டியில் அண்ணாந்து குடிக்க யாரால் முடியும்? பாதிச் சட்டி அவர் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் கொட்டியது. மூக்கில் ரம் ஏறி இருமினார். ஒரு அன்னாசித் துண்டு காலருக்குள் போய்விட்டது. வீரையன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார், நீட்டிய பிறகு வாங்குவாரோ மாட்டாரோ என்று கை தயங்கியது. சந்தானம் வெடுக்கென்று வாங்கி முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். வீரையனும் சிரித்துவிட்டார்.

கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் பாதி இருக்கு. எல்லாரும் ஸ்ட்ராவப் போட்டாத்தான் ஆரம்பிக்கணும். கப்பல்ல அதான் சட்டம்" என்றார். சந்தானம் ஸ்ட்ராவைப் போட்டார். குனிந்தபோது நான்கு தலைகளும் முட்டிக்கொள்ளாத குறை. கொஞ்ச நேரம் உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"நாத்து எப்படிய்யா இருக்கு?" என்றார் சந்தானம், தலையைத் தூக்காமலே.

"முத்திக்கிட்டு இருக்குதுங்க. இந்த வாரம் தாண்டுனா மாட்டுக்குத்தாங்க ஆவும்."

"நாளைக்கே பறிக்க ஆள விடு. மனு பாட்டுக்கு மனு இருக்கட்டும்."

கலியமூர்த்தி ஜாதிக்காயைச் சீவிச் சட்டியில் தூவிக்கொண்டிருந்தார்.

நடவு நடந்தது. பதிவு விவகாரம் அப்புறமும் இழுத்தது. கடைசியில் சந்தானமே தாலுகா ஆபீஸுக்குப் போய் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார். வெள்ளி டம்ளர் அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் வந்தது. ஒருநாள் அதை மறந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு மறந்துகொண்டே இருந்தார்.

கலியமூர்த்தியை எடுத்த மறுநாள் வீரையன் வயலில் நடவுக்கு ஆள் சொல்லியிருந்தது. துக்க வீடு, தள்ளிப் போடலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். சகுந்தலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு இருந்தா நிறுத்த விடுவாரா? போயி நடுங்க" என்றார். வரப்பில் குடை பிடித்து நின்றவர் சந்தானம். கண் சரியாகத் தெரியாத வயதில், எத்தனை வரிசை நட்டாயிற்று என்று பக்கத்தில் இருந்த என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கலியமூர்த்தியை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாமெல்லாம் சண்டை தீர்ந்த பிறகு விருந்து வைக்கிறோம். கலியமூர்த்தி விருந்தை முதலில் வைத்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். வீட்டுப் பாகப் பிரிவினையில் என் தம்பியும் நானும் பேச்சை விட்டு வெகு காலமாகிறது. யார் பக்கம் நியாயம் என்று இன்னும் முடிவாகவில்லை. நேற்று அவனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். "என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டான். அன்னாசிப்பழம் என்றேன்.